பாட்டுக்கு இடமுண்டு, பாடியவர் பெயருக்கு? – பாடகர் அறிவின் மேடையும் நிகழ்த்துநர் உரிமையும்

சாதியச் சமூகம் ஒடுக்கப்பட்டோரின் இசையை ஒருபோதும் வேண்டாமென்று சொன்னதில்லை. சாவுக்குப் பறை வேண்டும். அம்மன் திருவிழாவுக்கு மேளம் வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் பாட்டு வேண்டும். மறுக்கப்பட்டவை வேறு: இசைத்தவரின் பெயர், அவருக்குரிய கூலி, அவர் நிற்கும் இடம். இந்த வழக்கம் ஊர்த்தெருவோடு முடிந்துவிடவில்லை. இணையத்திலும் இசைச் சந்தையிலும் அது வேறு வடிவில் தொடர்கிறதா என்ற கேள்வியைக் கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் உரக்க எழுப்பியது ஒரு பாடகரின் வாழ்க்கை. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் மேடையிலிருந்து அறியப்பட்ட அறிவு என்னும் அறிவரசுதான் அந்தப் பாடகர். அவருடைய வாழ்வையும் உந்துதல்களையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். அதனூடாக, திருவண்ணாமலை போன்றதொரு கோயில் நகரத்தில் பறையெடுக்கும், பாடும் இளைஞர்களுக்குச் சட்டம் என்னென்ன உரிமைகளைத் தந்திருக்கிறது என்பதையும் விளக்க முயல்கிறோம்.

அரக்கோணத்திலிருந்து

அறிவு அரக்கோணத்தைச் சேர்ந்தவர். இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் அரக்கோணமும் நம் திருவண்ணாமலையும் 1989 வரை ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள் இருந்தவை. ஊர் வேறு, சேரி வேறு என்ற பிரிவினையும், நிலமற்ற கூலி உழைப்பும், சாவு வீட்டு ஒப்பாரியும் இவ்விரு பகுதிகளுக்கும் பொது. அறிவின் பாடல்களில் வரும் உலகம் நம் வாசகர்களுக்கு அயலானதன்று.

1990களில் தமிழ்நாடெங்கும் பரவிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவைப் பாட்டின் வழியாகவும் வீதி நாடகத்தின் வழியாகவும் கொண்டுசென்றது. அந்த இயக்கத்தின் பாடல்கள் ஒலித்த சூழலில் வளர்ந்தவர் அறிவு. பொறியியல் படித்தார், பிறகு மேலாண்மை படித்தார். முதல் தலைமுறையாகவோ இரண்டாம் தலைமுறையாகவோ கல்லூரிக்குள் நுழையும் தலித் மாணவர் பலருக்கும் இந்தப் பாதை பழக்கமானதுதான்: வேலைக்கான படிப்பு ஒருபுறம், கவிதையும் பாட்டும் மறுபுறம். அறிவிடம் அந்த மறுபுறமே வென்றது.

அவருடைய உந்துதல்களில் முதலிடம் பாட்டி வள்ளியம்மாளுக்கு. வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அந்த மலையகத் தமிழரின் வரலாறு இரண்டு முறை வெளியேற்றப்பட்டவர்களின் வரலாறு. பிரித்தானியர் காலத்தில் பஞ்சமும் சாதியும் அவர்களைத் தமிழ்நாட்டிலிருந்து விரட்டின. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. அந்த மக்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. தோட்டத்தைக் காடழித்து உருவாக்கியவர்கள் அதில் ஒரு கையளவு நிலமும் இல்லாமல் திரும்பினார்கள். இங்கே வந்தும் பலர் நிலமற்ற கூலிகளாகவே வாழ்ந்தார்கள். அந்த உழைப்பின் கதையையும் ஒப்பாரியின் நடையையும் பேரன் தன் பாட்டுக்குள் கொண்டுவந்தார். 2024இல் அவர் வெளியிட்ட பாடல் தொகுப்பின் பெயரே ‘வள்ளியம்மா பேராண்டி’.

கோட் அணிந்த கானா

அறிவுக்கு மேடை தந்தது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய குழு இது. முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் நடந்தது. 19 பேர் மேடையில் நின்றனர். கிட்டாரும் டிரம்சும் கீபோர்டும் ஒருபக்கம். பறையும் சட்டியும் மறுபக்கம். நடுவில் கானாவும் சொல்லிசையும். ராக் இசைக்குழு என்றால் ஆங்கிலம் பேசும் மேல்தட்டு இளைஞர்களின் பொழுதுபோக்கு என்றிருந்த சென்னையில், வடசென்னையின் சாவு வீட்டுப் பாட்டு மின்கிட்டாரோடு சேர்ந்து ஒலித்தது.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து (1845–1914) வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மக்களைச் ‘சாதியில்லாத் தமிழர்’ எனப் பதியவேண்டுமென்று வாதிட்டவர் அவர்; 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். ஒரு நூற்றாண்டுக்கு முன் கணக்கெடுப்புப் படிவத்தில் கோரப்பட்ட பெயர், இசைக்குழுவின் பெயராக மேடையேறியது.

அவர்கள் கோட் சூட் அணிந்து மேடையேறியதையும் குறிப்பிடவேண்டும். சாவு வீட்டில் ஓரமாக நின்று, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகவேண்டிய கலைஞர் என்று சமூகம் வகுத்திருந்த உருவத்தை அந்த உடை மறுத்தது. அம்பேத்கரின் சிலையைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அதன் பொருள் விளங்கும். இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, ஆணவக் கொலை, கையால் மலமள்ளும் கொடுமை ஆகியவற்றைப் பற்றிய பாடல்களுக்குக் கல்லூரி மாணவர்கள் ஆடினார்கள். துயரத்தைப் பாடும்போதும் கொண்டாட்டம் குறையாத மேடை அது. அரங்கில் ஆடுகிறவர் தம்மையறியாமல் ஓர் அரசியல் வாக்கியத்தைச் சேர்ந்து பாடிவிடுகிறார். பொதுக்கூட்டப் பேச்சால் எளிதில் இயலாத இந்தக் காரியமே அறிவைப் போன்ற பாடகர்களை மீண்டும் மீண்டும் மேடைக்கு இழுக்கிறது என்று கருதுகிறோம்.

குழுவோடு நில்லாமல் அறிவு தனித்தும் இயங்கினார். 2018இல் வெளியான ‘காலா’ படத்துக்குப் பாட்டெழுதினார். 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களில் அவருடைய குரல் ஒலித்தது. ‘மாஸ்டர்’, ‘சார்பட்டா பரம்பரை’ படங்களின் வழியாகப் பெருந்திரள் மக்களைச் சென்றடைந்தார்.

முன்னோடிகள்

அறிவு வெற்றிடத்தில் தோன்றியவரல்லர். சிவகங்கை மாவட்டம் இளையான்குடியைச் சேர்ந்த முனைவர் கே.ஏ.குணசேகரன் (1955–2016) ‘தன்னானே’ கலைக்குழுவோடு ஊரூராகச் சென்று பாடினார். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையின் பின்னணியில் கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடல் குணசேகரனின் குரலில்தான் தமிழ்நாடெங்கும் பரவியது. அவருடைய தன்வரலாறான ‘வடு’, சாதியும் வறுமையும் சூழ்ந்த சிறுவயதை எழுதிய முன்னோடி நூல்களில் ஒன்று. தமுஎச நடத்திய கலை இலக்கிய இரவுகள், திருவண்ணாமலை உட்படப் பல ஊர்களில், நாட்டுப்புறக் கலைஞரை விடியவிடியக் கேட்கும் பழக்கத்தைப் பொதுமக்களிடம் உண்டாக்கின. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. மதுரையின் பறையிசை ஆசான் வேலு 2025இல் பத்மஸ்ரீ பெற்றார்.

மகாராட்டிரத்தில் வாமன்தாதா கர்டக் (1922–2004) தொடங்கிப் பஞ்சாபில் கின்னி மாஹி வரை, அம்பேத்கரியப் பாடகர்களின் மரபு இந்தியா முழுவதும் உண்டு. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1970களில் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இளைஞர்கள் உருவாக்கிய ஹிப்ஹாப்பும் ஒதுக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து வந்த இசையே. அதன் கருவிகளைத் தமிழ்ச் சேரியின் பாடகர் எடுத்துக்கொண்டது வெறும் நாகரிகப் போலச்செய்தலன்று.

பெயர் எங்கே போனது?

2021 மார்ச்சில் ‘மாஜா’ தளத்தின் வழியாக ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளியானது. தீயும் அறிவும் பாடினர். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வள்ளியம்மாளே அந்தக் காணொளியில் தோன்றினார். நிலத்தை உருவாக்கியவர்களுக்கு நிலம் இல்லை என்ற கதை உலகெங்கும் கேட்கப்பட்டது.

பிறகு நடந்தவை பொதுவெளியில் பதிவானவை. டிஜே ஸ்னேக்கின் மறுகலவை வெளியானபோது அதன் விளம்பரங்களில் அறிவின் பெயர் இல்லை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர். ‘எஞ்சாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ என்னும் இரண்டு பாடல்களிலும் பங்கிருந்த அறிவு இடம்பெறவில்லை. பா.இரஞ்சித் இதைக் கேள்விக்குட்படுத்தினார். எதிர்ப்புக்குப் பிறகு அறிவுக்கெனத் தனி மின் அட்டை வெளியானது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அதே பாடல் அறிவு இல்லாமல் அரங்கேறியது. பாடலை எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தாமே என்று அறிவு எழுதினார். அவருடைய பங்கைத் தாம் எப்போதும் எடுத்துச் சொல்லிவந்ததாகத் தீயும், உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமமெனச் சந்தோஷ் நாராயணனும் விளக்கமளித்தனர். அந்தப் பாடலால் தங்களுக்கு வருவாய் ஏதும் வந்துசேரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார்.

இவர்களில் யார் கூற்று முழு உண்மை என்று தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. உலகறிந்த ஒரு பாடலுக்கே எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், பணம் எவரிடம் போயிற்று என்பவை இவ்வளவு சச்சரவுக்குரியவை என்றால், பெயரில்லாத பறைக்குழுவின் நிலை என்ன என்பதே நம் கேள்வி.

நம் ஊரின் நிலை

திருவண்ணாமலை இசையால் அறியப்பட்ட ஊர். திருப்புகழ் பாடிய அருணகிரிநாதரின் ஊர் இது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பக்திப் பாடல்கள் ஓய்வதில்லை. கார்த்திகை தீபத்துக்கு இலட்சக்கணக்கானோர் திரள்கிறார்கள். இதே மாவட்டத்தின் தண்டராம்பட்டு வட்டத்திலுள்ள தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்போடு முதன்முறையாக நுழைய முடிந்தது 2023 ஜனவரி 30 அன்றுதான். நகரத்துக் கோபுரத்தின் முன் எல்லாச் சாதியாரும் நிற்கும் காலத்தில், சில கிலோமீட்டர் தொலைவில் ஓர் அம்மன் கோயிலின் வாசல் அன்றுவரை மூடியிருந்தது.

பறையின் நிலையும் இதுபோன்றதே. கல்லூரி விழாவில் பறை முழங்கினால் கைதட்டு. அதே இளைஞர் தம் ஊரில் சாவுக்கு அடிக்க மறுத்தால் மிரட்டல். மேடையில் அது கலை, ஊரில் அது கடமை என்று வைத்திருப்பவர்கள் பறையை மதிப்பவர்களல்லர். ஒருவர் விரும்பி அடிக்கும் உரிமையும், அடிக்கமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் சேர்ந்ததே கலைஞரின் விடுதலை.

சட்டம் என்ன தருகிறது?

முதலாவது, மறுக்கும் உரிமை. பட்டியல் சாதியினரைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் 3(1)(h) பிரிவின்கீழ்க் குற்றம். சாவுக்குப் பறையடிக்கச் சொல்லி மிரட்டுவதும், மறுத்தவரை ஊர்விலக்கம் செய்வதாக அச்சுறுத்தி அடிக்கவைப்பதும் இதன்கீழ் வரக்கூடியவை. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 2018இல் சேர்க்கப்பட்ட 18A பிரிவின்படி, இச்சட்டத்தின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன்விசாரணை தேவையில்லை. “விசாரித்துவிட்டுப் பதிகிறோம்” என்று காவல் நிலையத்தில் சொன்னால் இந்தப் பிரிவைச் சுட்டுங்கள். கடமை தவறும் அரசு ஊழியர்மீது 4ஆம் பிரிவு பாயும்.

இரண்டாவது, இசைக்கும் உரிமை. பொதுமக்களுக்குத் திறந்த வழிபாட்டிடத்துக்குள் நுழைவதையும், சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதையும் நடத்துவதையும் தடுப்பது 3(1)(za) பிரிவின்படி குற்றம். திருமண ஊர்வலத்தைத் தடுப்பதும் இதே பிரிவில் அடங்கும். தொழில் செய்வதைத் தடுப்பதும் அப்படியே.

மூன்றாவது, பெயருக்கும் பணத்துக்குமான உரிமை. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 57ஆம் பிரிவு படைப்பாளருக்குத் தார்மிக உரிமை வழங்குகிறது. பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் ‘இது என் படைப்பு’ என்று உரிமைகோரலாம். 2012 திருத்தத்தால் வந்த 38B பிரிவு, பாடகரும் இசைக்கலைஞரும் தம் நிகழ்ச்சியில் தம் பெயரைக் கோரும் உரிமையைத் தருகிறது. உரிமைமாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும், கையொப்பம் வேண்டும். கால அளவு குறிப்பிடப்படவில்லையெனில் அது ஐந்தாண்டு மட்டுமே. பரப்பு குறிப்பிடப்படவில்லையெனில் இந்தியா மட்டுமே. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது என்பது 18ஆம் பிரிவின் திருத்தம். “எல்லா உரிமையும் நிரந்தரமாக உங்களுக்கே” என்ற ஒற்றைத் தாளில் கையெழுத்திட்டுவிட்ட இளைஞர்கள் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை.

இங்கே ஓர் இடைவெளியையும் சொல்லவேண்டும். ஒப்பாரி, நடவுப்பாட்டு போன்ற வழிவழிப் பாடல்களுக்குத் தனியொரு படைப்பாளரைச் சட்டம் காண்பதில்லை. வள்ளியம்மாள் போன்றோர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த செல்வம் எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுச்சொத்தாகிவிடுகிறது. ஆயினும் அந்தப் பாட்டியின் குரல் பொதுச்சொத்தன்று. பாடுகிறவர் எவரும் சட்டத்தின் கண்ணில் ‘நிகழ்த்துநர்’. எழுதப்படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அவர் பாடுவதைப் பதிவுசெய்யும் உரிமை அவருடையது. அது 50 ஆண்டு நீடிக்கும். கைப்பேசியோடு சேரிக்குள் வந்து, ஒப்பாரியைப் பதிந்து, தம் யூடியூப் தளத்தில் ஏற்றி வருவாய் பார்ப்பவர் முன்கூட்டி இசைவு பெற்றாகவேண்டும். இந்த உரிமையை நம் பகுதியில் பயன்படுத்துவோர் மிகக் குறைவு.

பாடியதற்காக வழக்கு வந்தால்

மேடையில் உண்மை பேசும் பாடகருக்கு வழக்கு அச்சுறுத்தல் உடன் வருகிறது. டாஸ்மாக் எதிர்ப்புப் பாடல்களுக்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் 2015 அக்டோபர் 30 அன்று தேசத்துரோகப் பிரிவின்கீழ்க் கைதானார். காஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாடகர் இசைவாணிக்கு நேர்ந்ததும் நினைவில் இருக்கவேண்டியது. ஆண்களின் களமாக இருந்த கானாவை வடசென்னை இராயபுரத்திலிருந்து வந்து பாடியவர் அவர். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சபரிமலை தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 28 அன்று தீர்ப்பளித்த காலத்தையொட்டி, பெண்களின் கோயில் நுழைவைப் பற்றிக் குழு மேடைகளில் அவர் பாடிய பாடலை, ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் எடுத்துப் பரப்பினார்கள். காவல் நிலையங்களில் புகார்கள் குவிந்தன. அவருக்கு ஆபாச வசைகளும் மிரட்டல்களும் வந்தன. குழுவாக உருவாக்கிய பாடலுக்கு வசையேற்றது பெண்ணின் முகமே.

சமய உணர்வைப் புண்படுத்தியதாகச் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு (பழைய 295A), வேண்டுமென்றே தீய நோக்கோடு செய்ததை மட்டுமே தண்டிக்கிறது. இதை உச்ச நீதிமன்றம் 1957இல் ராம்ஜிலால் மோடி வழக்கிலேயே தெளிவாக்கியது. அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இக்குற்றத்தை விசாரணைக்கு எடுக்க இயலாது. 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில், ஒரு கவிதைக்காகப் பதியப்பட்ட முதல் தகவல் அறிக்கையை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. பேச்சும் எழுத்தும் தொடர்பான, மூன்று முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய புகார்களில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி முன்விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றது. வன்கொடுமைப் புகாருக்கு முன்விசாரணை தேவையில்லை. பாட்டுக்கு எதிரான புகாருக்கு முன்விசாரணை வேண்டும். காவல் நிலையங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடப்பதை வழக்கறிஞர்களாகிய நாம் அறிவோம்.

செய்யக்கூடியவை

கல்லூரிகளிலும் இயக்கங்களிலும் நிகழ்ச்சி நடத்தும் தோழர்களிடம் சில வேண்டுகோள்கள். துண்டறிக்கையில் ‘பறையிசை’ என்று மட்டும் அச்சிடாமல், குழுவின் பெயரையும் கலைஞர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள். பேசும் தலைவர்க்குச் செய்யும் பயணச்செலவு, உணவு, தங்குமிட ஏற்பாட்டைப் பறைக்குழுவுக்கும் செய்யுங்கள். பேசிய தொகையை மேடையிறங்கும் முன் கொடுங்கள். பதிவுசெய்வதாயின் இசைவை எழுத்தில் பெற்று, காணொளியின் விவரக்குறிப்பில் பெயர்களை இடுங்கள். பாடலை எழுதும் இளைஞர்கள் யார் எந்த வரியை எழுதினார், யார் மெட்டிட்டார் என்பதை முதல் நாளிலேயே தேதியிட்டு எழுதி, அனைவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு புகழ்பெற்ற பிறகு அந்தத் தாளை எழுதுவது கடினம். நிறுவனம் நீட்டும் ஒப்பந்தத்தை அங்கேயே கையொப்பமிட்டுக் கொடுக்காமல், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் படித்தறிந்த பின் கையொப்பமிடுங்கள்.

அறிவு பின்னர் ‘அம்பாசா’ என்னும் தம் சொந்தக் குழுவோடு மேடையேறினார். பாட்டு தம்முடையது, மேடையும் தம்முடையது, அதில் பாட்டியின் பெயரும் இருக்கும் என்ற நிலையை அவர் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகே அடைந்தார். வட ஆர்க்காட்டின் அடுத்த பாடகர் அதை முதல் மேடையிலேயே பெறவேண்டும். அதற்கான பிரிவுகள் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.